புதைக்கப்பட்டதால் பிழைத்த ஒலிநாடாக்கள்

 

 

நமது பள்ளிவாசல்கள் பலவற்றில், அலமாரியின் அடித்தட்டில், பழைய விரிப்புகளுக்கும் உடைந்த ஒலிபெருக்கிக்கும் இடையே ஓர் அட்டைப்பெட்டி கிடப்பதைக் காணலாம். அதனுள்ளே ஒலிநாடாக்கள் இருக்கும். மறைந்த உலமாக்களின் பயான்கள், ரமளான் இரவுகளின் விரிவுரைகள், மீலாது மேடைப் பேச்சுகள், மத்ரஸா பட்டமளிப்பு விழாக்கள் என ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலத்தின் குரல்கள் அப்பெட்டிகளில்தான் அடைந்து கிடக்கின்றன. அப்பெட்டியைப் பார்த்தவர்கள் நம்மில் பலர்; திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலர்.

அந்த நாடாக்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடியபோது, ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையில் வாழும் ஒரு முஸ்லிம் சமுதாயத்தின் வரலாறு கண்ணில் பட்டது. அதை முதலில் கூறிவிட்டு, இந்த விஷயத்தில் நானே இழைத்த ஒரு குற்றத்தையும் பின்னர் சொல்கிறேன்.

ஹர்கைஸா நகரம்

சோமாலிய மக்கள் கவிதையில் ஊறியவர்கள். போர், சமாதானம், பெண்கேட்டல், ஒட்டகத் தகராறு என எதுவாயினும் அவர்களிடம் அது கவிதையாகவே பேசப்பட்டது. ஆனால் அவர்களது தாய்மொழிக்கு அரசு ஏற்ற எழுத்து வடிவம் 1972ஆம் ஆண்டு அக்டோபரில்தான் கிடைத்தது. அதுவரை மார்க்க அறிஞர்கள் அரபியில் எழுதிவந்தனர். தாய்மொழிச் செல்வமோ பெரும்பாலும் நெஞ்சங்களில்தான் வாழ்ந்தது. ஒரு கவிஞரின் கவிதைகளை மனனம் செய்து ஊர் ஊராகச் சென்று சொல்வோரை அவர்கள் ‘ஹஃபிதயால்’ என்று அழைத்தனர். நாம் ஹாஃபிழ் என்கிறோமே, அதே வேரில் பிறந்த சொல்தான் அது. அந்த மனனக்காரர்களுக்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. கவிதையைச் சொல்லத் தொடங்குமுன் அதை இயற்றியவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும்; அவரது சொற்களைத் தம் விருப்பம்போல் மாற்றக் கூடாது. ஸனதுடன் அறிவிப்பதையே மரபாகக் கொண்ட நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

எழுத்து வந்து சேர்ந்த அதே காலகட்டத்தில் கேசட் என்னும் ஒலிநாடாவும் அந்நாட்டுக்கு வந்தது. 1969இல் இராணுவப் புரட்சியின் மூலம் ஆட்சியைப் பிடித்த ஸியாத் பர்ரேயின் அரசு, வானொலியையும் அச்சகத்தையும் தன் பிடியில் வைத்திருந்தது. நாடாவை மட்டும் அதனால் பிடிக்க இயலவில்லை. 1979ஆம் ஆண்டின் இறுதியில் காரியே என்ற கவிஞர் ஒரு கவிதையைத் தொடங்கிவைக்க, ஐந்தாண்டுக் காலம் சிறையிலிருந்து 1978இல் வெளிவந்திருந்த ஹத்ராவி என்னும் பெருங்கவிஞர் அதற்கு மறுமொழி சொல்ல, ஒருவர் பின் ஒருவராகப் பலர் அதில் இணைந்துகொண்டனர். ‘த’கர ஒலியிலேயே மோனை அமைந்த அந்தக் கவிதைத் தொடர் ‘தீலேய்’ எனப் பெயர் பெற்றது. குலவெறியையும் ஆட்சியின் கொடுமையையும் கண்டித்த அக்கவிதைகள் வானொலியில் ஒலிக்கவில்லை. ஒரு நாடாவிலிருந்து மற்றொரு நாடாவுக்குப் பதியப்பட்டு, பேருந்துகளிலும் தேநீர்க் கடைகளிலும் கைமாறி, நாடெங்கும் பரவின. ஹத்ராவி 2022ஆம் ஆண்டு ஹர்கைஸா நகரில் காலமானார்.

வடபகுதியின் தலைமை நகரமான ஹர்கைஸாவில், பிரிட்டிஷ் ஆட்சிக்காலமான 1940களில் தொடங்கப்பட்ட வானொலி நிலையம் ஒன்று உண்டு. பல தலைமுறைகளின் குரல்கள் அங்கே ஒலிச்சுருள்களாகவும் கேசட்டுகளாகவும் குவிந்திருந்தன. 1988ஆம் ஆண்டு மே மாத இறுதியில், அரசை எதிர்த்துக் கிளர்ந்த சோமாலிய தேசிய இயக்கத்தினர் நகரினுள் நுழைந்தனர். அதற்குப் பழிவாங்க அரசு தனது போர் விமானங்களை ஏவியது. அந்த விமானங்கள் ஹர்கைஸாவின் சொந்த விமான நிலையத்திலிருந்தே கிளம்பி அந்த நகரின் மீதே குண்டு பொழிந்தன. நகரின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. இலட்சக்கணக்கானோர் உயிர் பிழைக்க எத்தியோப்பியாவை நோக்கி நடந்தனர்.

அந்த நெருக்கடியில் வானொலியைச் சேர்ந்தவர்களும் கலைஞர்களும் நாடாக்களை மண்ணுக்குள் புதைத்தனர். வேறு சில நாடாக்கள் ஜிபூட்டிக்கும் எத்தியோப்பியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. வீட்டையும் பாத்திரங்களையும் விட்டுவிட்டு ஓடும் நேரத்தில், குரல்களைப் பற்றி நினைப்பதற்குச் சிலருக்கு மனம் இருந்திருக்கிறது! 1991 ஜனவரியில் ஸியாத் பர்ரே ஆட்சி வீழ்ந்த பிறகு அவை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. ஜமா மூஸே ஜமா என்ற கணிதவியலாளர் முன்னின்று நடத்தும் செங்கடல் பண்பாட்டு அறக்கட்டளை, 2014இல் ஹர்கைஸாவில் ஒரு பண்பாட்டு மையத்தைத் திறந்தது. மக்கள் தங்கள் வீடுகளில் வைத்திருந்தவற்றையும் அங்கே கொண்டுவந்து கொடுத்தனர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றாக அவற்றை டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றும் பணியும் தொடங்கியது. அச்சேகரத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சில பாடல்கள் 2017இல் அமெரிக்காவில் தொகுப்பாக வெளியாகி, கிராமி விருதுக்கான பட்டியலிலும் இடம்பெற்றன. (பாடல்களைக் குறித்த மார்க்கத் தீர்ப்பு இங்கே நம் பேச்சல்ல. நாடா பிழைத்த விதமே நம் பேச்சு.)

தெற்கே தலைநகர் மொகதிஷுவில் கதை வேறுவிதமாக நடந்தது. 1951இல் தொடங்கிய அந்நகர வானொலியின் ஒலிச்சேகரம் வெளியே எங்கும் அனுப்பப்படவில்லை. உள்நாட்டுப் போர் நடந்த அத்தனை ஆண்டுகளும் அது அதே கட்டடத்தில் கிடந்தது. காவல் நின்றவர்கள் உறுதியாக நின்றதால் பிழைத்தது. 2013 வாக்கில்தான் ஆப்பிரிக்க ஒன்றியம், ஐக்கிய நாடுகள் சபை ஆகியவற்றின் உதவியுடன் அதை டிஜிட்டலாக மாற்றத் தொடங்கினர். ஒரு கட்டடம், ஒரு கதவு! ஒரே ஒரு குண்டு அதன்மீது விழுந்திருந்தால் காவலரின் உறுதியால் பயன் விளைந்திராது. ஹர்கைஸாக்காரர்களின் வழியையே நான் மேலானதாகக் கருதுகிறேன். அவர்கள் பல இடங்களில் சிதறவிட்டனர்.

நாடா என்பது என்ன?

1963ஆம் ஆண்டு பெர்லின் நகரில் நடந்த வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தது. லூ ஒட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளரின் தலைமையில் அது உருவாயிற்று. சட்டைப் பையில் அடங்க வேண்டும் என்பதே அவர் விதித்துக்கொண்ட நிபந்தனை. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர்; அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். மெல்லிய பாலியெஸ்டர் பட்டையின் மீது இரும்பு ஆக்ஸைடு தூளை ஒரு பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். பேசுபவரின் குரல் மின் அலையாகி, அந்தத் தூளிலுள்ள நுண்துகள்களைக் காந்தமாக்கி அடுக்கிவிடுகிறது. அந்த அடுக்கு இருக்கும்வரை குரல் இருக்கும்.

அறுபது நிமிட நாடாவின் கனம் சுமார் 18 மைக்ரான். தொண்ணூறு நிமிட நாடாவுக்குச் சுமார் 12. நூற்றிருபது நிமிட நாடாவோ 9 மைக்ரான் அளவுதான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! நீண்ட பயான்கள் அடங்கவேண்டும் என்பதற்காக நம்மவர்கள் தொண்ணூறையும் நூற்றிருபதையும் தேடி வாங்கினர். அவைதாம் விரைவில் இழுபட்டு, சிக்கி, அறுந்தன. கடலோர ஊர்களின் ஈரத்தில் பூஞ்சை படரும். பசை தளர்ந்து தூள் உதிரும். சுற்றின் மேல் சுற்றாகப் பல்லாண்டு கிடந்தால் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். பழைய பயான்களைக் கேட்கும்போது, ஹஜ்ரத் பேசத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே அவரது குரல் எங்கோ தொலைவில் மெல்லக் கேட்பதுபோல் இருக்குமே, அதற்குக் காரணம் இதுதான்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி அருகிவருகிறது. சோனி நிறுவனம் தனது கேசட் வாக்மேன் விற்பனையை ஜப்பானில் 2010இல் நிறுத்திக்கொண்டது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் யுனெஸ்கோவும் இணைந்து 2019இல் உலகெங்கும் ஓர் எச்சரிக்கை விடுத்தன. ஏறத்தாழ 2025க்குப் பிறகு நல்ல கருவிகளும் உதிரிப்பாகங்களும் கிடைப்பது அரிதாகிவிடும், அதற்குள் மாற்றப்படாதவை இழந்தவையாகிவிடக்கூடும் என்பதே அதன் சாரம். அந்த ஆண்டும் வந்து போய்விட்டது.

நமது சமுதாயத்தில் கேசட் பரவியதற்கு வளைகுடாப் பயணம் ஒரு பெருங்காரணம். 1970களிலும் 80களிலும் துபாய், ஸஊதி, குவைத் சென்று திரும்பியவர்களின் பெட்டியில் ‘டூ-இன்-ஒன்’ எனப்பட்ட வானொலியுடன் கூடிய டேப் ரிக்கார்டர் தவறாமல் இருக்கும். வீட்டுத் திண்ணையில் நாகூர் ஹனிஃபா அவர்களின் பாடலும் மிஸ்ரு நாட்டு காரிகளின் கிராஅத்தும் ஒலித்தது அதிலிருந்துதான். கடிதம் எழுதத் தெரியாத தாய்மார்களும் மனைவியரும் பேசிப் பதிந்து அனுப்பினர். அங்கிருந்தும் பேசிப் பதிந்து வந்தது. அக்கேசட்டுகளை எவரும் வரலாற்று ஆவணமாக எண்ணவில்லை.

யமாமாவிலிருந்து கெய்ரோ வரை

குரலைக் காப்பது பற்றிப் பேசும்போது, ஓர் ஆலிமின் மனம் யமாமாவை நினைக்காமல் இராது. அப்போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதாயினர். உமர் (ரலி) அவர்கள் அதைக் கண்டு கலங்கி, கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் குர்ஆனை ஒன்றுதிரட்டுமாறு வலியுறுத்தினார்கள். முதலில் தயங்கிய கலீஃபா பின்னர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஸைத் (ரலி) அவர்களே குர்ஆன் முழுவதையும் அறிந்தவர். எனினும் தம் நினைவை மட்டும் நம்பி எழுதிவிடவில்லை. பேரீச்ச மட்டைகளிலும் மெல்லிய கற்பலகைகளிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும் மனிதர்களின் நெஞ்சங்களில் இருந்ததையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே திரட்டினார்கள்.

அவ்வாறு திரட்டப்பட்ட ஏடுகள் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) அவர்களிடமும், பிறகு அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமும் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில், ஓதுவதில் எழுந்த கருத்து வேறுபாட்டைக் கண்டு ஹுதைஃபா (ரலி) அவர்கள் எச்சரித்தபோது, அந்த ஏடுகளிலிருந்து பிரதிகள் எடுக்கப்பட்டு வெவ்வேறு பட்டணங்களுக்கு அனுப்பப்பட்டன. பிரதிகளின் எண்ணிக்கையில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான்கு என்போரும் உளர், ஐந்து, ஏழு என்போரும் உளர். ஆனால் இன்னொரு செய்தியை நாம் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. ஒவ்வொரு பிரதியுடனும் அதை ஓதிக்காட்டும் ஒருவரும் இருந்தார் என வரலாறு கூறுகிறது. கூஃபாவுக்கான பிரதியை ஓதிக்கொடுத்தவர் அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) அவர்கள்.

நம் ஊர் பயான் கேசட்டை இறைவேதத்தின் இடத்தில் வைத்துப் பேசுவதாக எவரும் எண்ணிவிட வேண்டாம். தகுதியில் ஒப்பீடே கிடையாது. முறையைத்தான் சுட்டுகிறேன்: பல பிரதிகள், வெவ்வேறு ஊர்கள், ஒவ்வொன்றையும் அறிந்த ஓர் ஆள்.

இந்த முறையை மனத்தில் கொண்டே ஒலிப்பதிவுக்கு வந்தவர் எகிப்தின் லபீப் அஸ்ஸயீத் அவர்கள். கிராஅத் கலையில் தேர்ந்த பேரறிஞர்கள் ஒவ்வொருவராக மறைந்துவருவதைக் கண்டு, குர்ஆன் முழுவதையும் ஒலியாகப் பதிந்துவைக்க வேண்டுமென்று 1959இல் அவர் முன்மொழிந்தார். அதற்கு அவர் இட்ட பெயரே ‘முதல் ஒலித் தொகுப்பு’ என்பதுதான்; யமாமாவுக்குப் பின் நிகழ்ந்த தொகுப்பை நினைவூட்டும் பெயர். ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ (ரஹ்) அவர்கள் ஹஃப்ஸ் ரிவாயத்தில் நிதானமாக ஓத, அறிஞர் குழு கேட்டுச் சரிபார்க்க, 1961இல் அது இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 1964இல் கெய்ரோவில் குர்ஆனுக்கென்றே தனி வானொலி தொடங்கியது. இன்று நமது கைப்பேசியில் ஹுஸரீ அவர்களின் குரல் சற்றும் மங்காமல் கேட்கிறது. 1980இல் மறைந்த ஒருவரின் குரல் இத்தனை தெளிவாக எஞ்சியிருப்பதற்கு அவரது குரல்வளம் மட்டும் காரணமாகாது. உலகில் அதற்கு எத்தனை பிரதிகள் உள்ளன என்பதை எவராலும் எண்ண முடியாது.

என் குற்றம்

என் உஸ்தாது அவர்கள் 1986 முதல் 1994 வரை ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் தஃப்ஸீர் வகுப்பு நடத்திவந்தார்கள். மாணவர் ஒருவர் அதைப் பதிந்து 112 ஒலிநாடாக்களைச் சேர்த்திருந்தார். உஸ்தாது 1999இல் மறைந்தார்கள். 2007இல் நான் இளம் இமாமாக இருந்தபோது, அப்பெட்டி என் பொறுப்புக்கு வந்தது. கணினி தெரிந்த மஹல்லா இளைஞர் ஒருவர் மூன்று மாதம் உட்கார்ந்து, அத்தனை நாடாக்களையும் எம்பி3 கோப்புகளாக மாற்றிக் கொடுத்தார். எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில் அடங்கின. நாங்கள் மகிழ்ந்தோம். ரமளானுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பதற்காக அறையை ஒழித்தபோது, நிர்வாகத்தினர் என்னிடம் வந்து, “கேசட்டெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே, இனி எதற்கு?” என்று கேட்டனர். நானும் தலையசைத்தேன். பழைய சாமான் வாங்குபவரின் வண்டியில் பெட்டி ஏறியது.

2009ஆம் ஆண்டு ஒரு நாள், அந்த ஹார்டு டிஸ்க் ‘டிக், டிக்’ என்று ஓசை எழுப்பி நின்றுபோயிற்று. சென்னைக்குக் கொண்டுசென்று காட்டினோம், பயனில்லை. மொத்தக் கோப்புகளும் பத்து ஜிகாபைட்டுக்கு மேல் இருந்திராது. அன்று பதினைந்து குறுந்தகடுகளில் அவை அடங்கியிருக்கும். சில நூறு ரூபாய் செலவு! பணம் இல்லாமல் அதை விட்டுவிடவில்லை. மாற்றிவிட்டோம், வேலை முடிந்தது என்ற எண்ணத்தால்தான் விட்டோம். நாடாவுக்கு வயதாகிறது என்று அஞ்சியவன், ஹார்டு டிஸ்கும் சுழலும் ஒரு பொறிதான் என்பதை எண்ணிப்பார்க்கவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. இணையத்தில் இசைக்குப் பெயர்பெற்ற மைஸ்பேஸ் நிறுவனம், சேமிப்புக் கணினிகளை இடம் மாற்றியபோது 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றிவைத்திருந்த ஒலிக்கோப்புகளை இழந்துவிட்டதாக 2019இல் செய்தி வெளியாயிற்று. ஐந்து கோடிப் பாடல்கள் என்றார்கள். இது எனக்கு ஆறுதல் அளிக்கவில்லை. என் உஸ்தாதின் கஹ்ஃப் ஸூரா விரிவுரை அந்த ஐந்து கோடியில் இல்லையே!

பல ஆண்டுகள் இதை நான் வெளியே சொல்லாமலே இருந்தேன். பிறகு துபாயில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது, விமானத்தில் கேட்பதற்காக 2008இல் தம் சிறு கருவியில் 31 பாடங்களை ஏற்றிச் சென்றதாகவும், அவை இன்றும் தம்மிடம் இருப்பதாகவும் கூறினார். அப்போதுதான் இன்னொன்று உறைத்தது: 1980களில் வகுப்பு முடிந்தவுடன் பலர் அதே நாடாவிலிருந்து தங்களுக்கென்று பதிந்து வாங்கிச் சென்றிருந்தார்கள். வீடு வீடாகக் கேட்டோம். 14 கேசட்டுகள் கிடைத்தன. அவற்றுள் நான்கு, முன்பே கிடைத்த பாடங்கள். ஆக, 112இல் 41 மீண்டன. எழுபத்தொன்று போனவைதாம்.

மீண்டும் தொடங்கியபோது

இம்முறை அவசரப்படவில்லை. நல்ல டெக் ஒன்றைத் தேடி வாங்கி, அதன் ஒலித்தலையைப் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்துத் துடைத்தோம். நாடாவைப் பதிந்த கருவியின் ஒலித்தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் நம் கருவியின் தலையும் இருந்தால்தான் குரல் தெளிவாக வரும். தலையின் அருகிலுள்ள சிறு திருகாணியை, கேட்டுக்கொண்டே இம்மியளவு திருப்ப வேண்டும். ‘ஸீன்’, ‘ஸாத்’ எழுத்துகள் கூர்மையாகக் கேட்கும் இடமே சரியான இடம். இதற்குத் தஜ்வீது படித்த காதைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது என் அனுபவம்.

பதியும்போது எம்பி3 ஆகப் பதியவில்லை. அவ்வடிவம், காதுக்குத் தேவையில்லை என்று தான் கருதும் பகுதிகளைக் கழித்துவிடும், கழித்தது திரும்பாது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் பரிந்துரைக்கும் வேவ் வடிவத்தில், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதிந்தோம். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாபைட் ஆகும். 14 நாடாக்களின் 21 மணி நேரமும் சுமார் 43 ஜிகாபைட்டில் அடங்கிவிட்டன. மக்கள் கேட்பதற்கு அதிலிருந்து ஒரு எம்பி3 எடுத்துக் கொடுத்துக்கொள்ளலாம். இரைச்சல் நீக்குவதும் அந்த நகலில்தான். மூலக் கோப்பில் எதையும் தொடுவதில்லை. இரைச்சலை நீக்குகிறோம் என்று மென்பொருளை ஓட்டி, உஸ்தாதின் மூச்சையும் செருமலையும் சேர்த்து நீக்கிவிடும் இளைஞர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. வகுப்பின் நடுவே தூரத்தில் சேவல் கூவுவதும் ஒரு செய்திதானே? அது ஃபஜ்ருக்குப் பிந்திய வகுப்பு என்பதற்கு அதுவும் சாட்சி.

பிரதிகள் விஷயத்தில், பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் தம் துறையினருக்காக எழுதிய நூலொன்றின் வழியே பரவிய எளிய விதியைப் பின்பற்றுகிறோம். பிரதிகள் மூன்று இருக்க வேண்டும். இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று பள்ளிவாசல் கணினியில். ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு மத்ரஸாவில். ஒன்று இணையச் சேமிப்பில். மூன்று பிரதிகளையும் ஒரே பீரோவில் வைத்துப் பூட்டுவோரை நான் கண்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினக் கரையில் கடல் புகுந்ததையும், 2015 டிசம்பரில் சென்னை வீடுகளில் வெள்ளம் நின்றதையும் பார்த்த நாம் அப்படிச் செய்யலாகாது. கைப்பேசியும் இணையமும் ஒன்றையொன்று பார்த்துத் தாமாகவே ஒத்துப்போகும் வசதியையும் காப்புப் பிரதி என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்றில் தவறுதலாக அழித்தால் மற்றதிலும் அது அழிந்துவிடும்.

பிரதி எடுத்தபின் அது மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இமாம் உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்கள் தம் மகன் ஹிஷாமிடம், எழுதியதை மூலத்துடன் ஒப்பிட்டாயா என்று கேட்டு, இல்லை என்றதும், அப்படியானால் நீ எழுதவே இல்லை என்ற கருத்தில் கண்டித்ததாக ஹதீஸ் கலை நூல்கள் கூறும். முகாபலா எனப்படும் அந்த ஒப்பீட்டைக் கணினியில் செய்வதற்கும் வழி உண்டு. ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு, அதற்குரிய நீண்ட எண்ணொன்றை ஷா-256 என்னும் முறை தரும். கோப்பில் ஓர் இம்மி மாறினாலும் அந்த எண் முற்றிலும் வேறாகிவிடும். 41 கோப்புகளுக்கும் அந்த எண்களை எழுதிவைத்து, ஆண்டுதோறும் ஷஅபான் மாதத்தில் மூன்று இடங்களிலும் ஒப்பிடுகிறோம். கடந்த ஆண்டு மத்ரஸாவிலிருந்த பிரதியில் ஒரு கோப்பு பழுதுபட்டிருந்தது தெரிந்தது. மற்றொரு பிரதியிலிருந்து எடுத்து மாற்றினோம். ஒப்பிடாமல் இருந்திருந்தால் அது எவருக்கும் தெரிந்திராது.

ஒவ்வொரு கோப்புடனும் ஒரு குறிப்பும் வைத்திருக்கிறோம். பேசியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த வசனம், நாடா யார் வீட்டில் கிடைத்தது, அவர் யாரிடமிருந்து பதிந்து வாங்கினார், டிஜிட்டலாக மாற்றியவர் யார் என்பவை அதில் இருக்கும். ‘டிராக் 07’ என்று மட்டும் பெயரிட்டு விட்டால் இருபது ஆண்டுகளுக்குப் பின் அது யாருடைய குரல் என்று எவரால் சொல்ல முடியும்?

கடைசியாகக் கிடைத்த நாடாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அது ஒரு மூதாட்டியின் வீட்டில் இருந்தது. அவர்களது மகன் எங்கள் உஸ்தாதின் வகுப்பில் அமர்ந்தவர். பின்னர் ஸஊதிக்கு வேலைக்குச் சென்று, 2003இல் அங்கேயே மறைந்து, அங்கேயே அடக்கமானவர். நாடாவை வீட்டை விட்டு வெளியே அனுப்ப அந்த அம்மையார் சம்மதிக்கவில்லை. எனவே டெக்கையும் கணினியையும் நாங்களே தூக்கிக்கொண்டு சென்றோம். முதல் பக்கத்தில் உஸ்தாதின் பாடம், யாஸீன் ஸூராவின் தொடக்கம், முழுமையாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் பாடம் பத்து நிமிடம் ஓடியதும் ‘டப்’ என்று ஓர் ஓசை. அதன்பின் ஓர் இளைஞரின் குரல்: “அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா...”

மேல்பதிவு ஆகாமலிருக்க கேசட்டின் முதுகுப்புறத்திலுள்ள இரு சிறு தகடுகளை உடைத்துவிடுவது வழக்கம். இதில் ஒன்று உடைந்திருந்தது; அந்தப் பள்ளத்தில் காகிதத்தை மடித்துத் திணித்து அதன்மேல் பதிந்திருக்கிறார். அங்கே புதுக் கேசட் வாங்கக் காசில்லாத முதல் மாதமாக இருக்கலாம். அந்தப் பாடத்தின் எஞ்சிய முப்பத்தைந்து நிமிடமும் அவரது கடிதத்துக்கு அடியில் போயிற்று. உஸ்தாதின் மாணவன் என்ற முறையில் எனக்கு அக்கணம் வருத்தமே வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அம்மையார் திரைக்கு அப்பாலிருந்து சொன்னார்கள்: “ஹஜ்ரத்து, உங்க உஸ்தாது பேசுறதை நீங்க எடுத்துக்குங்க. எம் புள்ள பேசுறதை மட்டும் இன்னொரு தடவை போடுங்க. டேப்பு கெட்டுப்போய் பத்து வருஷமா கேக்கல.”

அக்கடிதத்துக்கும் தனிக் கோப்பு எடுத்து, தனிக் குறிப்பு எழுதி, அதன் எண்ணையும் பதிந்தோம். அவரது பேரன் கையிலும் ஒரு பிரதி கொடுத்தோம். நாடாவை அன்று ஒரு முறைதான் ஓடவிட்டோம். கணினியிலிருந்து அந்தக் கோப்பை நான்கு முறை கேட்டார்கள்.